சைலன்சருக்குள் ஒரு துணி

சைலன்சர் அக்கா என்றுதான் அந்த வாட்டர் சர்வீஸில் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் காருக்குத் தண்ணீர் அடிப்பார்கள், நுரை போடுவார்கள், கண்ணாடி துடைப்பார்கள். அக்காவுக்கு வேலை காரின் பின்பக்கம், தரையோடு தரையாக. பம்பருக்குக் கீழே எட்டிப் பார்க்கும் சைலன்சர் குழாய்களின் முனையில் படிந்திருக்கும் கரியை எடுத்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கித் தரவேண்டும்.

அதற்கு முன் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேன்டீன் கைமாறியதும் அந்த வேலை போய்விட்டது. வாட்டர் சர்வீஸ் முதலாளி, கார் கழுவிப் பழக்கம் உண்டா என்று கேட்டபோது, அடிப்பிடித்த அண்டாவையே தேய்த்திருக்கிறேன், கார் என்ன பெரிய இதுவா என்றாளாம். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பழைய காரின் பின்னால் கூட்டிக்கொண்டு போய், கரி அப்பிக் கிடந்த குழாயைக் காட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தவர், அந்தக் குழாயில் தன் மீசையைச் சரி செய்துகொண்டார். அன்றே வேலை உறுதியானது.

வேலையில் அக்காவை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் அவளோடு வேலை பார்ப்பது கொஞ்சம் கஷ்டம். பயந்த சுபாவம். எதையும் ஒரு தடவை பார்த்தால் அவளுக்குப் போதாது. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பாள். கேஸை மூடினோமா, குழாயை நிறுத்தினோமா என்று பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு யோசிப்பாள். அந்தப் பூட்டு ஒருநாள் அம்மா கையோடயே வந்துடப்போகுது என்று மகள் கிண்டல் செய்வாள். மகள் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் பார்சல் கொண்டு போய்க் கொடுக்கிறவள். அது அக்காவுக்கு ஒரு பயம். கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் எந்த ரோட்டில் இருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. அது இன்னொரு பயம். அதனால் அவன் போன் வந்தால் கையில் எது இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு எடுப்பாள். ஒருதடவை எடுக்காமல் விட்டு, திருப்பிக் கூப்பிட்டால் லைன் போகாமல், அன்று முழுக்க அவள் பட்டபாடு அவளுக்குத்தான் தெரியும்.

சைலன்சர் வேலைக்கென்று அவளுக்கு ஒரு முறை இருந்தது. முதலில் வண்டி ஆறவேண்டும். சூட்டோடு தொட்டால் கையும் போகும், மினுமினுப்பும் போகும். ஆறியதும் குழாயின் வாய்க்குள் ஒரு துணியைச் சுருட்டி அடைப்பாள். தண்ணீரும் கரிக்குழம்பும் உள்ளே போகாமல் இருப்பதற்கு. பிறகு கரி கரைக்கிற மருந்தை அடித்து ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஓரங்களைத் தேய்த்து, மெல்லிய இரும்பு நாரால் வட்டமாக உரசி, கழுவித் துடைத்து, கடைசியில் பாலிஷ் பசையைத் தொட்டு மெதுவாகத் தேய்த்து எடுப்பாள். அடைக்கிற துணிகள் மகளின் பழைய பள்ளிச் சீருடைப் பாவாடையிலிருந்து வெட்டியவை. கெட்டியான பச்சைத் துணி. வேலை முடிந்ததும் அவற்றை அலசி, சுவரோரம் கட்டிய கம்பியில் வரிசையாகக் கிளிப் போட்டுக் காயவைப்பாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் கணக்கு வாத்தியார் வண்டி வந்தது. ரிட்டயர் ஆனவர். வண்டியும் அவரைப் போலவே வயதானது, அவரைப் போலவே ஒரு கறை இல்லாமல் இருக்கும். இரண்டு சைலன்சர் முனை உள்ள வெள்ளைக் கார். அன்று அவர் மனைவியும் கூட வந்திருந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, மத்தியானத்துக்குள் போய்ச் சேரவேண்டும், கொஞ்சம் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்றார் வாத்தியார். அந்த அம்மாவுக்கு மூச்சிரைப்பு இருந்தது. மருந்து வாசனை ஆகாது என்று புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றார். அக்கா தானாகவே ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் நிழலில் போட்டுக் கொடுத்தாள்.

இடதுபக்கக் குழாயை முடித்து, துணியை உருவி வாளியில் போட்டாள். வலதுபக்கம் பாலிஷ் போட்டு முடிக்கும் நேரத்தில் கணவன் போன் செய்தான். கையைத் துடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் ஓடினாள். விஷயம் ஒன்றுமில்லை. லோடு இறக்கியாகிவிட்டது, நாளைக்கு வந்துவிடுவேன், அவ்வளவுதான். அவள் பேசி முடித்துத் திரும்புவதற்குள் முதலாளி வண்டியை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார். வாத்தியார் பின்னால் குனிந்து மினுமினுப்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார். அந்த அம்மா ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்துக் கையை அசைத்தார். வண்டி போய்விட்டது.

அடுத்த வண்டி வருவதற்குள் துணிகளை அலசிவிடலாம் என்று உட்கார்ந்தாள். அலசினாள், பிழிந்தாள், கம்பியில் போட்டாள். ஒரு கிளிப் மிச்சமாக நின்றது.

முதலில் வாளிக்குள் பார்த்தாள். வாளியைக் கவிழ்த்துப் பார்த்தாள். தண்ணீர் போகிற சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தாள். முந்தானையை உதறினாள். பிறகு வலதுபக்கக் குழாயிலிருந்து துணியை எடுத்தது ஞாபகம் வருகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். பாலிஷ் போட்டது ஞாபகம் வந்தது. போன் அடித்தது ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. 

முதலாளியிடம் ஓடினாள். அவர் பதறவில்லை. இன்ஜின் காற்று எத்தி வெளியே தள்ளிவிடும், அடுத்த தெரு தாண்டியிருக்காது, இந்நேரம் ரோட்டில் கிடக்கும் என்றார். அவள் கேட்கவில்லை. அவள் நச்சரிப்பு தாங்காமல் வாத்தியாருக்குப் போன் போட்டுப் பார்த்தார். அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார் என்று ஊருக்கே தெரியும். மனைவி நம்பர் யாரிடமும் இல்லை.

"நீங்க சொல்ற மாதிரி கீழ விழுந்திருந்தா நல்லது. விழலைன்னா?" என்றாள் அக்கா. "அந்தம்மாவுக்கு மூச்சுக் கோளாறு முதலாளி."

 முதலாளி இன்னொரு தடவை வாத்தியாருக்குப் போன் போட்டார்.

அக்கா ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். வண்டி போன திசையில், ஓரமாக, தரையைப் பார்த்துக்கொண்டே. ரோட்டோரத்தில் இவ்வளவு துணி கிடக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஒற்றைச் சாக்ஸ் கிடந்தது. யாரோ வண்டி துடைத்துப் போட்ட மஞ்சள் துணி கிடந்தது. தூரத்தில் பச்சையாக ஒன்று தெரிந்து, ஓடிப்போய்ப் பார்த்தால் நசுங்கிய குளிர்பான பாட்டில். நடக்க நடக்க அவள் மனசு சும்மா இருக்கவில்லை. புகை வெளியே போக வழியில்லாமல் வண்டிக்குள்ளேயே நிறைகிறது, வாத்தியார் கண் சொருகுகிறார், எதிரே லாரி வருகிறது. அந்த லாரியில் அவள் கணவனே உட்கார்ந்திருந்தான். அப்படியெல்லாம் நினைக்காதே என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். வாய்விட்டு அதட்டியதால் எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார்.

சிக்னல் வரை போயும் துணி கிடைக்கவில்லை. மகளுக்குப் போன் செய்தாள். அழுகையும் பேச்சுமாகச் சொன்னதில் பாதிதான் மகளுக்குப் புரிந்தது. ஆனாலும் பார்சல் பையோடு அப்படியே வந்து நின்றாள். எல்லாவற்றுக்கும் கிண்டல் செய்கிறவள் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை.

"எந்தப் பக்கம் போனாங்க?"

"பைபாஸ். மகள் வீட்டுக்குப் போறாங்க. ஆனா வேகமா போகாதடி."

"வேகமா போகாம எப்படிம்மா காரைப் பிடிக்கிறது?"

அக்கா ஸ்கூட்டரில் ஏறினாள். மகளின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். மூடினால் ரோட்டில் கிடக்கிற துணி தெரியாதே என்று உடனே திறந்தாள். பைபாஸில் பாலம் கட்டுகிற இடத்தில் வண்டிகள் மைல் கணக்கில் நின்றுகொண்டிருந்தன. மகள் ஓரமாகப் புகுந்து புகுந்து போனாள். பழைய வெள்ளைக் கார் ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் அக்கா எட்டி எட்டிப் பார்த்தாள்.

வாத்தியார் வண்டி வரிசையை விட்டு விலகி, மண்மேட்டோரம் நின்றது. பின்னாலிருந்து நூல் மாதிரி புகை வந்துகொண்டிருந்தது. வாத்தியார் தள்ளி நின்று, வெடிக்கப்போகிற பட்டாசைப் பார்ப்பதுபோல் தன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் தள்ளி, ஒரு சிமென்ட் கட்டையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். குழந்தைக்கு வாங்கிய சாமான் பை மடியில் இருந்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின.

ஸ்கூட்டர் நிற்பதற்குள் அக்கா குதித்துவிட்டாள். நேரே வண்டியின் பின்னால் போய் மண்டியிட்டாள். துணி குழாய்க்குள் இறுகிச் சிக்கி, விளிம்பு கருகிக் கனன்றுகொண்டிருந்தது. இடுக்கி தேடவெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. விரலை விட்டு இழுத்தாள். பாதி வந்தது. மகள் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஸ்பேனரைக் கொண்டுவந்து மிச்சத்தை நோண்டி எடுத்தாள். தரையில் போட்டு மிதித்துத் தண்ணீர் ஊற்றியதும் புஸ்ஸென்று அடங்கியது.

வாத்தியார் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அக்கா எழுந்து நின்றாள்.

"நான்தான் சார் வச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

 கோபமா, நிம்மதியா என்று வாத்தியார் முகத்தில் தெரியவில்லை. அந்த அம்மாதான் இரைத்துக்கொண்டே பேசினார். ஏதோ கருகுகிற வாடை என்று சிக்னலிலேயே சொன்னாராம். முன்னால் போகிற லாரியிலிருந்து வருகிறது என்றாராம் வாத்தியார். லாரி திரும்பிப் போன பிறகும் வாடை வந்ததாம். அப்போதும் லாரி என்றாராம்.

சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. உறிஞ்சுகிற மருந்தை இரண்டு தடவை எடுத்தும் மூச்சு இறங்கவில்லை. அதற்குமேல் யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அந்த நெரிசலில் கார் சீக்கிரம் போகாது. மகள் அந்த அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, வந்த வழியே புகுந்து, பக்கத்திலிருந்த கிளினிக்குக்குப் போனாள். வாத்தியாரும் அக்காவும் காரில் பின்னால் ஊர்ந்து வந்தார்கள்.  அக்கா விரல் எரிவதைக் கூடச் சொல்லவில்லை. வேலை போகும் என்று நினைத்தாள். போகட்டும், அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நினைத்தாள். வேலை போனால் என்ன செய்வது என்றும் நடுநடுவே நினைத்தாள்.

கிளினிக்கில் அந்த அம்மாவுக்கு முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தோள் ஏறி இறங்குவது நின்றது. முகமூடியைக் கழற்றியதும் அவர் முதலில் கேட்டது, கையில் என்ன காயம் என்று. அப்போதுதான் அக்கா அழுதாள். நர்ஸ் அவள் விரல்களைத் தண்ணீரில் பிடித்துக் களிம்பு போட்டுவிட்டாள். வாத்தியார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து டீ சொல்லட்டுமா என்று அக்காவின் மகளிடம் கேட்டார்.

அவர்கள் சாயங்காலம்தான் பேரக்குழந்தையைப் போய்ப் பார்த்தார்கள்.

முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. சத்தம் போட்டார். பிறகு, நானும்தானே வண்டியை எடுத்து வெளியே விட்டேன் என்று அவராகவே அடங்கினார். திங்கட்கிழமையிலிருந்து அக்கா ஒரு காரியம் செய்தாள். குழாய்க்குள் துணி வைத்த நிமிஷமே அந்த வண்டிச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். துணி இரண்டும் கைக்கு வந்து, அதை எதிரே நிற்பவரிடம் காட்டிய பிறகுதான் சாவி. அவசரக்காரர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும் என்று இருப்பாள். கணவன் போன் அடித்தால் மட்டும் இன்னும் கை பரபரக்கும். வேலை முடியும்வரை போனை முதலாளி மேசையில் வைத்துவிட்டுப் போகக் கற்றுக்கொண்டாள். அது சாவியைவிடக் கஷ்டமாக இருந்தது.

வாத்தியார் ரொம்ப நாள் வரவில்லை. வேறு இடத்தில் கழுவுகிறார் என்று கேள்விப்பட்டாள். மழைக்காலம் முடிந்து ஒருநாள் வந்தார், தனியாக. வீட்டில் எப்படி இருக்காங்க என்று கேட்க நினைத்தாள். அவரே சொன்னார்: "நல்லா இருக்கா. குழந்தையைப் பாத்துக்க அங்கேயே தங்கிட்டா." பிறகு, அவள் வேலை செய்து முடிக்கிற வரைக்கும் பின்னாலேயே நின்றார். அவள் ஒரு துணியை உருவினாள், மற்றதையும் உருவினாள். இரண்டையும் அவர் வாங்கி, விரித்து, கிழிசல் இல்லையே என்று பார்த்தார். அதற்கப்புறம் தானே குனிந்து, போன் வெளிச்சத்தில் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

வேறு யாராவது இருந்தால் அவமானமாக நினைத்திருப்பார்கள். அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னைப் போலவே பார்க்க இன்னொருவர் இருக்கிறார் என்று கொஞ்சம் தெம்பாகத்தான் இருந்தது. சாவியை எடுத்துக் கொடுத்தாள். வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பும்வரை நின்று பார்த்தாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போய், எதற்கும் இருக்கட்டும் என்று அதற்குள்ளும் ஒருதடவை பார்த்தாள்.