இரண்டு நாற்காலியும் இருபத்திரண்டு பேரும்

அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்பவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டைக்கு மட்டும்தான். மற்றபடி எல்லாருக்கும் அவர் 'பாத்துக்கலாம்'. பிரிண்டர் காகிதத்தைத் தின்றாலும் "பாத்துக்கலாம்." சர்வர் மேல் தண்ணீர் சொட்டினாலும் "பாத்துக்கலாம்." சொல்லும்போது கண்ணை லேசாக மூடி, உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார். புகார் சொல்லப் போனவர் வரம் வாங்கின கணக்காய்த் திரும்பி வந்துவிடுவார்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் இருபத்திரண்டு பேரும் அலுவலக சர்வருக்குள் நுழைந்துதான் வரைய வேண்டும். நுழைய லைசென்ஸ் வேண்டும். அதெல்லாம் முறையாக வாங்கியாயிற்று. ஆனால் அவற்றை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக் கொடுக்கும் லைசென்ஸ் சர்வரை ஆக்டிவேட் பண்ண வேண்டும். அதற்கு நூற்றிருபது நாள் அவகாசம். தினமும் காலையில் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி தோன்றி, இன்னும் இத்தனை நாள்தான் என்று பணிவாகக் கெஞ்சியது. அவரும் அதே பணிவோடு அதை மூடினார்.

நூற்றிருபத்தோராம் நாள் கதவு சாத்திக்கொண்டது.

முதல் போன் மச்சினியிடமிருந்து. அவரே சொல்லி வேலையில் சேர்த்துவிட்டவள். கணுக்கால் முறிந்து கட்டிலில் கிடந்தபடி வரைகிறாள். அவள் பெயர் போட்டு வெளியே போகிற முதல் கட்டடம், ஒரு பள்ளிக்கூடம். நாலு மணிக்குள் வரைபடம் போய்ச் சேராவிட்டால் அந்த வேலை வேறு அலுவலகத்துக்குப் போய்விடும்.

"மாமா, உள்ள விடமாட்டேங்குது. லைசென்ஸ் இல்லையாம்."

"பாத்துக்க..."

"அந்த வார்த்தைய முடிச்சீங்க, அக்காகிட்ட போனக் குடுத்துடுவேன்."

அவர் முடிக்கவில்லை. பதறிப்போய் ஒரு குறுக்கு வழி சொன்னார். பராமரிப்புக்கென்று சர்வரில் இரண்டு இடம் உண்டு. நிர்வாகி பெயரில் நுழைந்தால் அது லைசென்ஸ் கேட்காது. "உனக்கு மட்டும்தான். யார்கிட்டயும் மூச்சு விடாத" என்று பாஸ்வேர்டைக் கொடுத்தார்.

பத்தாவது நிமிடம், விஷயம் கசிந்து, முதலாளி வந்து நின்றார்.

"மச்சினிக்கு மட்டும் எப்படிய்யா தெறக்குது? சொந்தம்னா ஒரு கதவு, ஊராருக்கு ஒரு கதவா? பாஸ்வேர்ட ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல போடு. எனக்கு எல்லாரும் சமம். புரியுதா, புரியலையா?"

"சார், ரெண்டு பேர்தான்..."

"புரியுதா, புரியலையா?"

புரிந்தது. போட்டார்.

இரண்டு நாற்காலிக்கு இருபத்திரண்டு பேர். ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் விழுந்தார். எல்லாரும் அதே நிர்வாகி பெயரில் நுழைந்ததால், உட்கார்ந்தவர் முன்னால் விழுந்தவரின் படம் திறந்தபடி இருந்தது.

"யாருங்க என்னைத் தள்ளுனது?"

"நான் இல்லீங்க. நானே இப்பத்தான் விழுந்தேன்."

இந்த ரகளைக்கு நடுவே அவரும் தன் மேசையிலிருந்து உள்ளே நுழைந்து ஆக்டிவேட் பண்ணப் பார்த்தார். இன்டர்நெட் வழி அடைபட்டிருந்தது. எப்போதோ, எதற்காகவோ, அவரே அடைத்தது. மிச்சம் டெலிபோன் வழி. சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வெண்ணெயில் தோய்த்த குரலில் ஒரு பெண் வந்தாள்.

"முப்பத்தைந்து எழுத்துக்கள் சொல்கிறேன் சார். கவனமாகப் பதியவும்."

பத்தொன்பதாவது எழுத்தில் யாரோ அவரைத் தள்ளிவிட்டார்கள். திரும்ப முதலிலிருந்து. இந்தமுறை முப்பத்தொன்றில் விழுந்தார்.

"சார், லைனில் இருக்கிறீர்களா?"

"லைன்ல இருக்கேம்மா. சர்வர்லதான் இல்ல."

மணி மூன்று இருபது. அவர் எழுந்தார். மாதக்கணக்கில் எட்டிப்பார்க்காத சர்வர் அறையைத் திறந்து, நெட்வொர்க் கேபிளை வெடுக்கென்று பிடுங்கினார். குரூப்பில் இருபத்திரண்டு ஓலம் கிளம்பியது. இனி அவரை யாரும் தள்ள முடியாது. சர்வர் முன் மண்டியிட்டு, போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, முப்பத்தைந்தையும் ஒரே மூச்சில் தட்டினார். ஆக்டிவேட் ஆனது. லைசென்ஸ்களை ஏற்றினார். நிர்வாகி பாஸ்வேர்டை மாற்றினார். கேபிளைச் செருகினார்.

மூன்று நாற்பத்தெட்டுக்கு மச்சினி கூப்பிட்டாள்.

"உள்ள வந்துட்டேன் மாமா."

"அப்பாடா. அனுப்பிடு தாயே."

"இருங்க... ஒண்ணாம் வகுப்புல ரெட்டைக் கட்டில் கெடக்கு."

"என்னது?"

"ரெண்டாம் வகுப்புலயும். ஐயோ, எல்லா வகுப்புலயும் மாமா!"

இருபத்திரண்டு பேரில் லாட்ஜ் வரைகிற ஒருவரின் வேலை அது. நாற்காலிச் சண்டையில் அவள் இடத்தில் வந்து உட்கார்ந்தவர், திறந்திருந்ததைத் தன் படமென்று நினைத்து, அறை அறையாகக் கட்டில் போட்டு, பத்திரமாகச் சேமித்தும் வைத்துவிட்டார்.

"நேத்தைய காப்பி எங்கயாவது எடுத்து வச்சிருப்பீங்கல்ல மாமா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வச்சிருக்க மாட்டீங்க. தெரியும். மணியச் சொல்லிட்டே இருங்க, நான் அழிக்கிறேன்."

அவர் சொன்னார். அவள் அழித்தாள். அந்தப் பத்து நிமிடம் செய்தது போல அவ்வளவு ஒழுங்காக அவர் எந்த வேலையையும் செய்ததில்லை.

"மூணு அம்பத்தொம்பது."

"போயிடுச்சு மாமா!"

அவர் அப்படியே தரையில் சாய்ந்தார்.

"ஆனா தலைமையாசிரியர் ரூம கடைசில பாக்க நேரமில்ல. அங்க அவர் போட்ட குளியல் தொட்டியும் படத்தோட போயிடுச்சு."

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அவர் ஒருத்தர் மட்டும் ஆட்சேபிக்க மாட்டார்மா."