தாடைக்குப் போன கால் எலும்பு

கோழிக்காலைக் கடித்து முடித்தால், தடித்த எலும்பின் ஓரத்தில் ஊசி போல இன்னொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் அதை வைத்துப் பல் குத்தியிருக்கிறேன். அதே எலும்பு என் காலிலும் இருக்கிறது என்பது, தாடையை வெட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இடது கீழ்த்தாடையில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் கரையான் மாதிரி உள்ளிருந்தே எலும்பை அரித்துக்கொண்டிருந்தது. கடைவாய்ப் பல் முளைக்கிற வீக்கம் என்று நினைத்து, நியூ டவுன் ஆபீசில் வலது பக்கமாகவே மென்று பல மாதம் ஓட்டியிருந்தேன். டாக்டர் படம் வரைந்து காட்டினார். இடது தாடையை எடுத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளில் ஒல்லியானதை அங்கே வைப்பார்கள். தாடை வளைவுக்குத் தக்கபடி அதைத் துண்டுபோட்டுத் தகடு வைத்து முடுக்குவார்கள். எலும்போடு அதன் ரத்தக்குழாய்களும் கொஞ்சம் தோலும் சேர்ந்தே வரும். அந்தக் குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்துத் தைக்க வேண்டும். ரத்தம் ஓடினால் எலும்பு பிழைக்கும். ஓடாவிட்டால் வைத்ததை எல்லாம் எடுத்துவிட வேண்டியதுதான். முதல் சில நாளில் தெரிந்துவிடும் என்றார்.

இதை வீட்டில் சொல்ல வேண்டும். அப்பா கரியாஹாட் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் தோசை மாஸ்டர். அம்மா அங்கேயே மாவு அரைக்கிறாள். இருவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வங்காளத்துக்குப் பிழைக்க வந்தவர்கள், பள்ளிக்கூடம் போனதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு. கோழிக்காலை மென்று முடித்து, ஊசி எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்து, "இதுதாம்பா" என்றேன்.

அப்பா அதை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினார். படக்கென்று ஒடிந்தது.

"ஏல, இது ஒடியுது. இதை வாயில வச்சு நீ என்னத்த மெல்ல?"

"மனுசனுக்கு விரல் தண்டி இருக்கும்பா. ஒடம்பு வெயிட்டைத் தாங்குறது பெரிய எலும்பு. இது சும்மா கூட நிக்கும்."

"சும்மா நிக்கதுக்கா கடவுள் வச்சாரு?" என்றார் அப்பா. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அம்மா அடுத்த முறை என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சந்தையில் பழகிய வங்காளத்தில், தன் காலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் நேராகவே கேட்டாள். அடுத்தவர் எலும்பு என்றால் இப்படி உயிரோடு ஒட்டாது மாஷிமா, அவனுடையதுதான் வேண்டும் என்று அவர், பெரியம்மாவிடம் பேசுகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். "எய்யா, நான் பெத்த எலும்புதானே, அதெப்படி அடுத்தவ எலும்பு?" என்று வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது மூச்சு விடத் தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். பேச்சு வராது. ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கரும் கொடுத்தார்கள். அம்மா வந்ததும், வலி இல்லை என்று தமிழில் எழுதிக் காட்டினேன். அவள் பலகையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"எழுத்து அழகாத்தான் இருக்கு" என்றாள்.

இத்தனை வருடம் படித்ததில் இப்படி ஒரு முட்டுச்சந்து இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. பிறகு ஒரு வழி கிடைத்தது. நான் படித்தது வங்காளப் பள்ளிக்கூடம். வங்காளத்தில் எழுதினேன், நர்ஸ் அதைச் சத்தமாகப் படித்தாள், அம்மா கேட்டுத் தமிழில் எனக்குப் பதில் சொன்னாள். நர்ஸ் என்னைவிடச் சின்னவள். இருந்தாலும் அம்மாவுக்கு அவள் 'திதி', வங்காளத்தில் அக்கா.

வாய்க்குள் கால்தோலின் ஒரு துண்டு தெரிந்தது. அதன் நிறத்தைப் பார்த்துத்தான் உள்ளே எலும்பு உயிரோடு இருக்கிறதா என்று கணிப்பார்கள். போன் கேமராவில் பார்த்தேன். இரண்டு மூன்று முடிகூட அதில் இருந்தது. அம்மாவும் எட்டிப் பார்த்தாள். "ஏய்யா, இனி வாய்க்குள்ளயும் செரைக்கணுமோ?" சிரிக்க முடியாமல் வயிறு குலுங்கியது. நர்ஸ் அடிக்கடி அந்தத் தோலில் ஊசியால் குத்துவாள். சிவப்பாக ஒரு துளி வரும். எனக்கு வலி ஒன்றும் தெரியாது. என் தோல்தான், என் வாயில்தான் இருக்கிறது, ஆனால் வேறு யாரையோ குத்துவது போல இருக்கும்.

மறுநாள் மத்தியானம் குத்தியபோது வந்த துளி நாவல்பழச் சாறு போலக் கறுத்திருந்தது. நர்ஸ் மறுபடி குத்தினாள். பிறகு போனை எடுத்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: ரத்தம் உள்ளே போகிறது, வெளியே வர வழி அடைபட்டிருக்கிறது, உடனே திறந்து பார்க்க வேண்டும்.

"என்னய்யா சொல்லுதாரு?" என்றாள் அம்மா.

எழுதினேன். நர்ஸ் படித்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றாள். என்னைப் பார்த்தாள். படி என்று தலையசைத்தேன். சரியாக வராவிட்டால் எலும்பை எடுத்துவிடுவார்கள் என்று படித்தாள்.

அம்மா என் கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள். பிறகு மற்ற காலை. "எடுத்தா எடுக்கட்டும். இன்னொண்ணு இருக்குல்லா" என்றாள். அவள் கை மட்டும் கட்டில் கம்பியை விடவில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனபோது நர்ஸ்தான் விரல்களைப் பிரித்தாள்.

நான் மறுபடி விழித்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சிரைக் குழாய் ஒன்று மடங்கியிருந்தது, நேராக்கித் திரும்பத் தைத்தோம் என்றார் டாக்டர். நர்ஸ் குத்தினாள். சிவப்பு. பேனா போன்ற கருவி ஒன்றைக் கழுத்தில் வைத்து ஸ்பீக்கரைத் திருப்பினாள். சர்... சர்... என்று ரத்தம் ஓடும் சத்தம் வந்தது.

"கிரைண்டர் ஓடுத மாதிரில்லா இருக்கு" என்றாள் அம்மா. அப்பாவையும் உள்ளே கூட்டிவந்தாள். தோசைக்கல்லை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருந்தார். சட்டையில் எண்ணெய் வாசம். நர்ஸ் அவருக்காக இன்னொரு தடவை வைத்துக் காட்டினாள். குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இப்பம் கேக்கது கால் சத்தமா, தாடைச் சத்தமா?" என்றார்.

அம்மா அதை வங்காளத்தில் சொல்லப் பார்த்தாள். நர்ஸ் புரியாமல் சிரித்தாள். பலகையைத் துடைத்து, அப்பாவின் கேள்வியை அப்படியே வங்காளத்தில் எழுதினேன். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்வரை அழியாமல் இருக்கட்டும் என்று அதை நெஞ்சின் மேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன்.