இரும்புக்குள் கேட்ட எதிரொலி

பொன்னேரியில் எங்கள் தெருமுனை திரும்பியதுமே புழுங்கல் நெல்லின் புளித்த ஆவி மூக்கில் ஏறும். அதன் பின்னாலேயே நெல் ஆலையின் கொதிகலன் இருக்கும் ‘பாய்லரூட்டி’லிருந்து உஸ்ஸென்று ஒரு சீறல் வரும். அந்தக் கொதிகலனுக்கு உமி அள்ளிப் போட்டு நெருப்பைக் காப்பது என் அப்பாவின் வேலை. “ஆவியும் ஆனையும் ஒண்ணு, எப்ப திரும்பும்னு சொல்ல முடியாது” என்பாள் அம்மா. அதைக் கேட்டே வளர்ந்ததால், அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் மதியங்களில் தூக்குவாளியை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

எழுபதுகளின் நடுவில் நான் ஒன்பதாவது படித்தபோது, எங்கள் விஞ்ஞான டீச்சரின் தங்கை சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். காதுக்கு எட்டாத ஒலியை இரும்புக்குள் செலுத்தி, அது திரும்பி வருவதை வைத்து உள்ளே பழுது உண்டா என்று கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை அங்கே செய்திருந்தார்கள். அதைப் பழைய இரும்பில் சோதித்துப் பார்க்க அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. எதிரொலிப் பாடத்தைக் கண்ணெதிரே காட்டவேண்டும் என்று டீச்சருக்கும் ஆசை. ஆலை முதலாளி சம்மதிக்கவே, நெருப்பு அணைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வகுப்பே பாய்லரூட்டுக்குள் நுழைந்தது.

டீச்சரின் தங்கையான அந்த அக்கா கொதிகலனின் வயிற்றில் எண்ணெய் தடவி, கம்பி கோத்த ஒரு சிறு குமிழை அதன்மேல் அழுத்தி நகர்த்தினார். கருவிப் பெட்டியின் திரையில் ஓடிய பச்சைக் கோட்டில் இரண்டு முளைகள் எழுந்தன. “இது தகட்டோட இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம். நடுவுல ஒண்ணும் வரக்கூடாது” என்றார். அடுப்பு வாய்க்கு மேலே குமிழ் வந்தபோது நடுவில் இன்னொன்று எழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய் தடவிப் பார்த்தார், அது போகவில்லை.

“இந்த இடத்துல யாரு நிப்பாங்க?” என்று கேட்டார்.

“எங்கப்பா” என்றேன்.

தகட்டுக்குள் பிளவு இருக்கிறது, அரசின் கொதிகலன் ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை நெருப்பு வைக்காதீர்கள் என்று அந்த அக்கா மன்றாடினார். முதலாளி சிரித்தார். “நேத்து வரிக்கும் நல்லாத்தானே ஓடிச்சி? நாளைக்கு மட்டும் இன்னா ஆயிடப் போவுது? டப்பாவ வெச்சிக்கினு பேஜாரு பண்ணாதீங்கம்மா.” அடுப்பருகே நின்றிருந்த அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியலில் வழக்கம்போல் கிளம்பினார். “வேணாம்பா” என்று சட்டையைப் பிடித்தேன். என் விரல்களை மெல்லப் பிரித்துவிட்டுப் போய்விட்டார். பள்ளியில் யாரோ பெஞ்சை நகர்த்தினாலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மணியடித்ததை வெடித்த சத்தமென்றே நினைத்தேன். இடைவேளை வந்ததும் ஆலைக்கு ஓடினேன்.

பாய்லரூட்டு வாசலில் அப்பா கைகட்டி நின்றிருந்தார். உள்ளே நெருப்பு இல்லை.

“படிச்சவங்க ஏதோ சொன்னா, நீயும் அந்த டப்பாவ நம்புறியா?” என்று முதலாளி கத்திக்கொண்டிருந்தார்.

“டப்பா எனுக்குத் தெரியாது மொதலாளி. எம் பொண்ணு மூஞ்சியப் பாத்தேன். நான் கொளுத்த மாட்டேன்.”

வெடித்துவிடுமோ என்ற பயம் போய், வேலை போய்விடுமோ என்ற பயம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சில நாட்களில் அந்த அக்கா சென்னையில் சொல்லி ஆய்வாளரை வரவழைத்தார். தகட்டை அறுத்தெடுத்தபோது, அதன் கனத்துக்குள்ளே இரும்பு இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தது. முதலாளி அதில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் வேலை தப்பியது.

டீச்சர் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி, வகுப்பு மேசையில் வைத்து எதிரொலிப் பாடம் நடத்தினார். புத்தகத்துப் படத்தில் மலையடிவாரத்தில் நின்று ஒருவன் கூவிக்கொண்டிருந்தான். நாங்கள் யாரும் அவனைப் பார்க்கவில்லை. பிறகு நானும் இயற்பியல் ஆசிரியை ஆனேன்.

ஆலை இருந்த இடத்தை இன்று மனை மனையாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். அப்பாவும் இல்லை. அவர் இருந்த காலத்திலேயே ஆலையை இடித்தபோது, போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று அவரைக் கூப்பிட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

“அத்தினி வருசமும் உள்ள போறப்பல்லாம் எனுக்குக் கால் நடுங்கும். உனுக்கு மட்டுந்தான் பயம்னு நெனச்சிக்கினு இருந்தியா?” என்றார்.