நரம்பு மட்டும் பச்சை

ஜூலை பதினான்கு, திங்கட்கிழமை, காலை ஆறு ஐம்பது. மேகமூட்டம், காற்றில்லை. அரியலூர்க் கொல்லையில் என் கடலைச் செடிகளில் அறுபத்து மூன்று மஞ்சளாகியிருந்தன. கொழுந்து இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது.

"எண்ணிக்கிட்டே நின்னா பச்சையாயிடுமா?" என்றாள் மனைவி.

இதே மஞ்சளை எட்டு வயதில் அப்பாவின் கடலையில் பார்த்திருக்கிறேன். அப்போது எங்களுக்கு வாய்க்கால் தண்ணீர் சித்தப்பாவின் கொல்லை வழியாக வரும். அப்பா மண்வெட்டியோடு அவரிடம் பாய்ந்தார்.

"தண்ணியில உப்பைக் கொட்டிட்டியாடா?"

"எங்க வூட்டுக் கஞ்சிக்கே உப்பில்லண்ணே. உன் கடலைக்குக் கொட்டுவனா?"

சித்தப்பா சிரித்தார். மண்வெட்டி அவர் தோளில் இறங்கியது. வாய்க்கால் சிவப்பதைப் பார்த்தபடி நான் அசையாமல் நின்றேன். சித்தப்பாவின் அந்தக் கை மறுபடி ஏர் பிடிக்கவில்லை. அண்ணனும் தம்பியும் சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை.

இப்போது வேளாண் அலுவலர் வந்து இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"நோயில்லைங்க சார். சுண்ணாம்பு மண்ணு, செடியால இரும்புச்சத்தை எடுக்க முடியல. அன்னபேதின்னு இரும்புச்சத்துத் தூள் கடையில கிடைக்கும், வாங்கிக் கரைச்சுத் தெளிங்க."

"யாராவது உப்புத் தண்ணி விட்டிருந்தா?"

"உப்புன்னா இலை ஓரம் கருகுமுங்க. இது அது இல்ல."

தெளித்த பன்னிரண்டாம் நாள் அறுபத்து மூன்றும் பச்சையாக நின்றன. பெரம்பலூர்க் கடையில் அன்னபேதி ஒரு கிலோ, ஐம்பத்தைந்து ரூபாய்.