ஓடாத மந்தை

எங்கே உட்கார்ந்தாலும் ஆர்லிஸுக்கு இடப்பக்கம் சுவர் இருக்க வேண்டும். தேவாலயத்தில் இடக்கோடி, சாப்பாட்டுக் கடையில் மூலை மேசை, வீட்டுச் சமையலறையில் ஃப்ரிட்ஜை ஒட்டிய நாற்காலி. மகள் ஜெனெல் சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்து வந்திருக்கிறாள். அதெல்லாம் அம்மாவுக்குப் பிடித்த இடங்கள் என்றே நினைத்திருந்தாள். கல்லூரி முடித்து ஊர் திரும்பிய கோடையில்தான் புரிந்தது, அவை கேட்காத காதை ஒளித்துவைக்கும் இடங்கள் என்று.

வலத்தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுகிறவர்களுக்கு இடக்காதுதான் குழல்வாய்ப் பக்கம் இருக்கும், வெடிச் சத்தம் அதைத்தான் முதலில் கெடுக்கும். ஆர்லிஸ் பன்னிரண்டு வயதிலிருந்து அப்படித்தான் சுட்டாள். கணவன் கார்ல் இருந்தவரை இருவருமாக, அவன் போன பிறகு தனியாக. வருஷத்துக்கு ஒரு எல்க் மான் ஃப்ரீசரில் இருந்தால் மகளை வளர்த்துவிடலாம் என்பது அவள் கணக்கு. வளர்த்தும் விட்டாள். இறைச்சிக்காகக் கடை வாசலை மிதிப்பது அவளுக்கு மானக்கேடு. மற்ற நாட்களில் கோல்டர் பள்ளத்தாக்கின் பள்ளிப் பேருந்தை ஓட்டினாள். பனியில் சறுக்காத ஓட்டுநர் என்று மொன்டானாவின் அந்த மூலையில் அவளுக்குப் பேர்.

பேருந்து உரிமத்துக்கான மருத்துவச் சோதனையில், தள்ளி நின்று மெல்லிய குரலில் ஏதாவது சொல்வார்கள். ஒரு காதிலாவது கேட்க வேண்டும். அந்த வருஷம் வலக்காதும் தடுமாறியது. வேட்டையில் கொஞ்சம் மிச்சமிருக்கும் இந்தக் காதும் போனால் பேருந்தை மறந்துவிட வேண்டியதுதான், பேருந்தா துப்பாக்கியா என்று முடிவு செய்யுங்கள் என்றார் மருத்துவர். பிக்கப்பில் ஏறிய பிறகு ஆர்லிஸ் மகளிடம், "ரெண்டையும் விடறதா இல்ல," என்றாள்.

காதை மூடிக்கொண்டு காட்டுக்குள் போக அவளால் முடியாது. மான் கிளையை மிதிப்பதைக் கேட்க மிச்சமிருப்பது அந்த ஒரு காதுதான். அப்படித்தான் குழல் நுனியில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் வாங்கும் பேச்சு வந்தது.

துப்பாக்கிக் கடைக்கு ஆர்லிஸின் தம்பி வெர்லினும் கூட வந்தார். குழலில் எதையாவது மாட்டிக்கொண்டு வேட்டைக்குப் போகிறவர்களை அவருக்கு ஆகாது. திருடன்தான் சத்தமில்லாமல் வருவான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கடைக்காரர் ரஸ் பச்சைத் துணியை விரித்து நாலைந்து சைலன்சர்களை வரிசையாக வைத்தார். குட்டையானது கைக்கு லேசு, புதரில் மாட்டாது, ஆனால் சத்தத்தைக் கொஞ்சம்தான் குறைக்கும். நீளமானது குழலை ஒட்டடைக் கொம்பு மாதிரி ஆக்கிவிடும், ஆனால் காதுக்கு நல்லது. எதுவுமே சத்தத்தை முழுசாக விழுங்காது, அதெல்லாம் சினிமா என்றார் ரஸ். ஆர்லிஸின் கை குட்டையானதன் மேலேயே இருந்தது. ஜெனெல் எல்லாவற்றின் சத்த அளவையும் ஏற்கெனவே படித்து வைத்திருந்தாள். நீளமானதை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

ரஸ் விளையாட்டுக்காரர். ஆர்லிஸ் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பின்னால் போய் நின்று, மூச்சுக்காற்றாகச் சொன்னார்: "இது கேட்டுச்சுன்னா பாதி விலைக்கே தரேன்."

ஆர்லிஸ் திரும்பவில்லை. வெர்லின் சிரித்துவிட்டார்.

"என்னடா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு நல்ல பேரம் இப்பத்தான் உன்னைத் தாண்டிப் போச்சு."

ஜெனெல் நடந்ததைச் சொன்னாள். அம்மாவின் முகம் அப்படி வெளுத்து அவள் பார்த்ததே இல்லை. ஆர்லிஸ் குட்டையானதைக் கீழே வைத்துவிட்டு, "நீளமானதையே குடு. முழு விலைக்கே குடு," என்றாள்.

குழல் நுனியில் மரை போட்டு, கைரேகை கொடுத்து, மேலிடத்து அனுமதி வந்து சேர்வதற்குள் இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. ஜல்லிக் குழியில் ஆர்லிஸ் பலமுறை சுட்டுக் குறியைச் சரிபார்த்தாள். முதல் குண்டு போனதுமே துப்பாக்கியை இறக்கி அதையே பார்த்தாள். "இவ்வளவுதானா?" என்றாள். காதில் வழக்கமான ரீங்காரம் இல்லை. இனி சாகும்வரை வேட்டையாடலாம் என்று அவள் சொன்னபோது ஜெனெலுக்குத் தான் படித்ததற்கு முதன்முறையாக ஏதோ பலன் கிடைத்தது போலிருந்தது.

நவம்பரில் மூவரும் மலையேறினார்கள். அம்மாவிடம் ஒரு பெட்டை எல்க்கைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு இருந்தது, மாமாவிடமும் ஒன்று. சுட்டதும் சீட்டில் தேதியை வெட்டி மானில் கட்ட வேண்டும். மாமா அடுத்த மேட்டுக்குப் போனார். ஜெனெல் அம்மாவுக்குப் பின்னால் பனியில் படுத்தாள். விடிந்து கொஞ்ச நேரத்தில் மரங்களின் ஓரமாக ஒரு சிறு மந்தை வந்து நின்றது. ஆர்லிஸ் சுட்டாள். சாட்டை சொடுக்கிய மாதிரி ஒரு ஒலி. அதை அடுத்து, தூரத்தில் ஈரச் சாக்கை யாரோ அறைந்தது போல ஒன்று ஜெனெலுக்குக் கேட்டது. அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

மந்தை ஓடவில்லை. தலைதூக்கிப் பார்த்தது, அவ்வளவுதான். சுடப்பட்ட பெட்டை இரண்டடி வைத்து ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போனது. மரத்தின் மறுபக்கத்திலிருந்து ஒரு பெட்டை வெளியே வந்தது.

ஓடலேன்னா படலே. இது ஆர்லிஸ் அப்பாவிடம் கற்ற பாடம். ஒன்று பட்டால் மந்தை சிதறி ஓடும், பட்டது தடுமாறும், படாவிட்டால்தான் நின்று பார்க்கும். அவள் வாழ்நாள் முழுக்க அது பொய்த்ததில்லை. "தப்பிருச்சு," என்று முணுமுணுத்தபடி அடுத்த குண்டை ஏற்றிச் சுட்டாள். மரத்துக்கு இப்பால் வந்த பெட்டை மடங்கி விழுந்தது.

அருகே போனபோது மரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று கிடந்தது, அந்தப் பக்கம் ஒன்று கிடந்தது.

ஆர்லிஸ் பனியில் உட்கார்ந்துவிட்டாள். கையுறையைக் கழற்றி முதல் மானின் விலாவில் கை வைத்தாள். முதல் குண்டு சரியான இடத்தில்தான் பட்டிருந்தது. சத்தம் குறைந்ததால்தான் மந்தை ஓடவில்லை. ஒரு சீட்டு, இரண்டு மான். ஈரச் சாக்கு அறைந்தது போன்ற ஒலி, குண்டு மானில் பட்ட ஒலிதான் என்று ஜெனெலுக்கு இப்போது தெரிந்தது. இது தெரிந்தால் அம்மாவின் வேட்டை உரிமை போய்விடும் என்பதும் தெரிந்தது. காதைப் பணயம் வைக்காமல் வேட்டையைக் காப்பாற்றத்தான் அந்த நீளக் குழாயையே வாங்கினார்கள்.

மேட்டிலிருந்து பைனாகுலரில் எல்லாவற்றையும் பார்த்திருந்த வெர்லின் வேகமாக இறங்கி வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் சீட்டை எடுத்து, அன்றைய தேதியைக் கத்தியால் வெட்டி, இரண்டாவது மானின் பின்னங்காலில் கட்டினார். ஆர்லிஸ் எழுந்து வருவதற்குள் முடிச்சும் விழுந்துவிட்டது.

"நான் ஒண்ணு, நீ ஒண்ணு. கத்திய எடுக்கா, எறைச்சி உறையறதுக்குள்ள ஆரம்பிப்போம்."

"அத அவுரு."

"வெட்டின சீட்டு வெட்டினதுதான். அவுத்து என்ன பண்ண?"

ஆர்லிஸ் மேட்டில் ஏறினாள். அங்கேதான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். யாரை அழைக்கப் போகிறாள் என்று வெர்லினுக்குத் தெரிந்துவிட்டது. "அறிவு கெட்டவளே," என்று கத்தினார். பிறகு ஜெனெலைப் பார்த்து, நீதான் படிச்சவளாச்சே, போய்ச் சொல்லேன் என்றார். ஜெனெல் நின்ற இடத்திலேயே நின்றாள். என்ன சொல்வது என்று எந்தப் படிப்பும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

வந்த வேட்டைக் காவல் அதிகாரி, சிறுமியாக ஆர்லிஸின் பேருந்தில் பள்ளிக்குப் போனவர். இரண்டு மானையும் சுற்றி வந்து பார்த்தார். கட்டியிருந்த சீட்டில் பேரைப் படித்தார். வெர்லின் முந்திக்கொண்டார். அக்கா குழம்பிப்போய்க் கூப்பிட்டுவிட்டாள், இதைச் சுட்டது நான்தான் என்றார். அதிகாரி அவருடைய துப்பாக்கியின் சைலன்சர் இல்லாத வெறுங்குழலைப் பார்த்தார்.

"காலையிலருந்து கீழே ரோட்டுலதான் இருந்தேன் சார். இது வெடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்குமே?" என்றார் அதிகாரி.

வெர்லின் அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வை எதைக் கெஞ்சியது என்பது ஜெனெலுக்குப் புரிந்தது. அம்மா வாய் திறக்காமல் இருந்தாலே போதும் என்று தோன்றியது. வாய் திறந்தால் நல்லது என்றும் அதே நொடியில் தோன்றியது.

"அவன் சுடல," என்றாள் ஆர்லிஸ். "ரெண்டும் நான் சுட்டது."

தானே அழைத்துச் சொன்னதால் ஆர்லிஸுக்கு அபராதமும் ஒரு வருஷத் தடையும் மட்டும் விதித்தார்கள். சீட்டை இரவல் கொடுத்து அதிகாரியிடம் பொய்யும் சொன்ன வெர்லினுக்கு மூன்று வருஷத் தடை. ஒரு குண்டுகூடச் சுடாதவருக்கு மூன்று வருஷம். தீர்ப்பைக் கேட்டு ஆர்லிஸ், தன் காதில்தான் தப்பாக விழுந்ததோ என்று மகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஜெனெல் ஒவ்வொரு முறையும் அதே எண்ணைச் சொன்னாள்.

அதன் பிறகு வெர்லின் ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். தன் தடை முடிந்த வருஷம் ஆர்லிஸ் அதே நீளக் குழலோடு மலையேறி ஒரே குண்டில் ஒரு பெட்டையை வீழ்த்தினாள். மந்தை அன்றும் ஓடவில்லை. அவள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டாள். இறைச்சி முழுவதையும் பொட்டலம் கட்டித் தம்பி வீட்டு வாசலில் இறக்கினாள். கதவைப் பாதி திறந்த வெர்லின், "எறைச்சியா கேட்டேன்?" என்றார். பொட்டலங்கள் வந்த வண்டியிலேயே திரும்பின.

அவர் கேட்டது மன்னிப்பு என்ற ஒரு வார்த்தை. அதை ஏன் சொல்லக் கூடாது என்று ஜெனெல் ஒருநாள் கேட்டுவிட்டாள். ஆர்லிஸ் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே சொன்னாள்:

"மன்னிச்சுக்கோன்னா, அன்னிக்கு நான் உண்மையச் சொன்னது தப்புன்னு ஆகும். தப்பில்ல. அந்த வார்த்தையச் சொல்லாம இருந்தா அவனுக்கு நடந்தது சரின்னு ஆகும். அதுவும் சரியில்ல. அவனுக்கு நான் தரவேண்டியது இருக்கு ஜெனெல். எதால தர்றதுன்னுதான் தெரியல."

தெரிவதற்குள் மாரடைப்பு முந்திக்கொண்டது. கடைசி மருத்துவச் சோதனையில் அவள் மெல்லிய குரலைக் கேட்டுத் தேறியிருந்தாள். பேருந்தை நிறுத்தி, எல்லாப் பிள்ளைகளும் இறங்கிய பிறகுதான் ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்தாள். வெர்லினுடைய மூன்றாவது வருஷம் அப்போது இன்னும் முடியவில்லை.

அடக்கத்துக்கு அவர் வந்தார். எல்லோரும் போனபின் ஜெனெலின் அருகே வந்து நின்று, தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே கேட்டார்:

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

"உங்களுக்குத் தரவேண்டியது இருக்குன்னு சொன்னாங்க மாமா."

"என்னன்னு சொன்னாளா?"

"இல்ல."

அவர் தலையாட்டிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பிக்கப்பை நோக்கி நடந்தார்.