முதலில் நின்றது எந்த டிஸ்க்

அந்தப் பெட்டி கத்தத் தொடங்கியபோது அலுவலகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். ஆடி மாதம், மத்தியானம். பழவேற்காட்டுக்கு நண்டு, இறால் வாங்க வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போய்த் தெரு ஓய்ந்திருந்தது. மேசைக்கு அடியிலிருந்து விட்டு விட்டு ஒரு கீச்சுச் சத்தம். முதலில் எலி என்று நினைத்தேன்.

ஏரிக்கரைக் குடும்பங்களுக்கு அரசாங்கக் காகிதங்கள் வாங்கித் தரும் சிறிய தொண்டு நிறுவனம் எங்களுடையது. இரண்டு அறை, நான்கு பேர். சனங்கள் கொண்டு வரும் ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், கையால் எழுதிய பழைய சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரோடு இணைத்த அந்தப் பெட்டியில் சேமிப்பது என் வேலை. பெட்டிக்குள் நான்கு ஹார்ட் டிஸ்க்குகள், ஒவ்வொன்றும் ஓர் இழுப்பறையில். இழுப்பறையின் முகப்பில் சிறு பச்சை விளக்கு. நான்கில் ஒன்று கெட்டால் கவலையில்லை, மீதி மூன்றும் சேர்ந்து அதில் இருந்ததைச் சொல்லிவிடும், இரண்டு கெட்டால்தான் சொல்லாது என்று பெட்டியைப் பொருத்திக் கொடுத்தவர் சொல்லியிருந்தார்.

அன்று கடைசி இழுப்பறையில் விளக்கு சிவப்பாக எரிந்தது.

காலையில் பெருக்குவதற்காக அந்தப் பெட்டியை ஓடிக்கொண்டிருக்கும்போதே நகர்த்தியிருந்தேன். மேசைக் காலில் ஒரு இடி இடித்தது. என்னால்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கடலோரக் குப்பத்துப் பெண் நான். எங்கள் தெருவில் மேசை நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் பெண். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவளை ஒரு பிரிண்டர் கெட்டதற்காக நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று அது உண்மையாகவே இருந்தது.

திரையில் சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். நின்றது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஒயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பில் நகத்தளவு கிழித்து அதன்மேல் ஒட்டினேன். எங்கள் பொறுப்பாளர் சார் வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் ஒட்டினேன். சார் வந்தார். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பெட்டி எப்போதும் போல வேலை செய்தது. ஒரு வாரம் கழித்துச் சொன்னால், ஒரு வாரமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

புரட்டாசியில் அவள் வந்தாள். தோணிரேவுக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டிருக்கும் குடும்பங்களில் ஒருத்தி. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள். உப்புத் தண்ணீரில் ஊறி விரல்நுனி எல்லாம் வெடித்திருக்கும். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள், ஆனால் மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடியிருப்பில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் அந்த மகள்தான். பிளாஸ்டிக் உறைக்குள் இன்னொரு உறை, அதற்குள் நான்காக மடித்த ஒரு தாள்: அவள் அப்பாவுக்கு எந்தக் காலத்திலோ கையால் எழுதிக் கொடுத்த சாதிச் சான்றிதழ். அது இருந்தால்தான் மகளுக்குச் சான்றிதழ் கிடைக்கும், காலேஜில் இடம் கிடைக்கும்.

ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்தபோது கேட்டாள். "எக்கா, இது உள்ள பூட்ச்சுனா பத்திரமா இருக்குமா?"

"பத்திரமா கீது. நீ கவலப்படாத."

கார்த்திகைப் புயலில் ஏரி குடிசைகளுக்குள் வந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டார்கள். கூரையில் செருகி வைத்திருந்த காகிதங்கள் கூரையோடு போய்விட்டன. தண்ணீர் வடிந்த பிறகு ஏழெட்டுப் பெண்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். அவள்தான் பேசினாள். "எல்லாம் பூட்ச்சிக்கா. ஒம் பொட்டில கீதில்ல?"

"கீது" என்றேன். அவர்கள் போன பிறகு குனிந்து மற்ற மூன்று விளக்குகளையும் பார்த்தேன். பச்சை. அதற்குப் பிறகு தினமும் காலையில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்த விளக்குகளைத்தான் பார்ப்பேன். வீட்டில் குழம்பு கொதிக்கும்போது அந்தக் கீச்சுச் சத்தம் கேட்பதுபோல் இருக்கும்.

தை மாதத்தில் ஒருநாள் இரண்டாவது இழுப்பறையும் சிவந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தால் திரையில் பெட்டியின் கோப்புகள் எதுவுமே காணோம். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் நான்கு இழுப்பறைகளையும் உருவினேன், முந்தானையால் துடைத்தேன், மறுபடி செருகினேன். செருகும்போதுதான் எது எங்கே இருந்தது என்று மறந்துவிட்டது தெரிந்தது. திரையில் ஒரு கேள்வி வந்தது. பெட்டியைப் புதிதாகத் தயார் செய்யட்டுமா, உள்ளே இருப்பது அழிந்துவிடும், ஆமா, இல்லை. என் விரல் ஆமாவின் மேல் இருந்தது. நல்லவேளை, அழுத்தாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

சாரிடம் பொய் சொன்னேன். "கரன்ட் வந்து வந்து போச்சு சார். அப்புறம் பாத்தா இப்படி ஆயிடுச்சு."

அவர் திட்டவில்லை. மாசியில் சான்றிதழ் விசாரணைக்கு அதிகாரி வரப் போகிறார், அதற்குள் எடுத்தாக வேண்டும் என்றார். இரண்டு நாள் போனில் விசாரித்து, கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து தகவலை மீட்டுக் கொடுக்கும் ஓர் இடத்தைச் சென்னையில் கண்டுபிடித்தார். "நீயே கொண்டு போ. என்ன நடந்துச்சுன்னு உன்கிட்டதான் கேப்பாங்க" என்றார். அவர் வெளியே போன நேரத்தில் அந்த டேப்பை உரித்துக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் காலை பஸ் நிற்கும் இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க காயிதம் போற எடத்துக்கு நானும் வரேன்."

காட்டூர் வழியாக மீஞ்சூர் போகும் ரோடு மோசம், டிஸ்க் ஆடக்கூடாது என்று பொன்னேரி பஸ்ஸில் ஏறினோம். பை அவள் மடியில். நான்கு இழுப்பறைகளையும் ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தேன். அதற்குமேல் தன் முந்தானையையும் சுற்றிக்கொண்டாள். பொன்னேரியில் ரயில் ஏறி, சென்னை வரும்வரை அதை அவள் கீழே வைக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அது ஒரு மாடி அறை. உள்ளே குளிரூட்டியின் சத்தம் மட்டும்தான். அங்கே இருந்தது ஒரு பெண், எங்கள் வயதுதான் இருக்கும். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கருவியில் பொருத்தி, காதை அருகே வைத்துக் கேட்டாள். மூன்று சத்தமில்லாமல் சுற்றின. ஒன்று மட்டும் உள்ளே யாரோ சுண்டுவது போல டக், டக் என்றது. உடனே அதை நிறுத்திவிட்டாள்.

"எப்படி ஆச்சு?"

"கரன்ட் போய் வந்துச்சு மேடம். அதுக்கப்புறம்."

"அதுக்கு முன்னாடி ஏதாவது விளக்கு எரிஞ்சுச்சா? சத்தம் ஏதாவது?"

"இல்ல."

தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டாள். "அப்ப சுலபம். கெட்டது இந்தச் சத்தம் போடுறது ஒண்ணுதான். இதத் தொட்டா இன்னும் மோசமாகும். இத ஒதுக்கிட்டு மத்த மூணையும் வெச்சு எடுத்துடலாம்."

அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். அந்த மூன்றில் ஒன்று, இப்போது சுற்றினாலும், ஆடியிலேயே வேலையை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு ஸ்கேன் செய்த எதுவும் அதில் இல்லை. புரட்டாசியில் வந்த காகிதம் இல்லை. அந்தக் காகிதத்துக்கு உரியவள் என் பக்கத்தில், காலியான பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெண் எழுந்து மூன்று டிஸ்க்குகளையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

"மேடம், நான் சொன்னது பொய்."

திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நகர்த்தியது, கத்தியது, டேப் ஒட்டியது, உரித்தது, வரிசையை மாற்றியது. என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"முதல்ல நின்னது எது, தெரியுமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

இழுப்பறைகளின் முகப்பைக் கையால் தடவிப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் டேப்பின் பசை ஒட்டியது. அதில் தூசும் படிந்திருந்தது. "இதுதான்."

அவள் அதைத் தனியே வைத்தாள். "அப்ப கத பூரா மாறுது. இது பழசு. சத்தம் போடுறதுதான் கடைசி வரைக்கும் வேலை செஞ்சது, புதுசெல்லாம் அதுலதான் இருக்கு. அது சாகறதுக்குள்ள முதல்ல அதப் படிக்கணும்." டக், டக் என்ற டிஸ்க்கைக் கையில் எடுத்தாள். "எத்தனை வாட்டி ஓடும்னு தெரியாது. ஒரே வாட்டியாக் கூட இருக்கலாம். எதையும் உறுதியாச் சொல்ல முடியாது."

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. அவள் எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். அனுப்பம்பட்டில் வண்டி சிக்னலுக்கு நின்றது. அப்போதுதான் கேட்டாள்.

"நான் காயிதம் குட்த்தன்னிக்கு அந்த டேப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அன்னிக்கு எங்கிட்ட இன்னா சொன்ன?"

"பத்திரமா கீதுன்னு சொன்னேன்."

"உனுக்கு வேல பூடும்னு பயம். எங்களுக்கு இன்னா பயம்னு ஒரு நாளாவது நெனச்சியா?"

பொன்னேரியில் இறங்கி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

மறுநாள் சாரிடமும் சொன்னேன். வேலையை விட்டுப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் அந்தக் காலிப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் அவ்வளவு பயப்படுற மாதிரியா இருக்கேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிறகு, "எங்கயும் போகாத. முதல்ல டிஸ்க் வரட்டும்" என்றார்.

டிஸ்க் வரப் பதினோரு நாள் ஆனது. அந்தக் குடியிருப்புப் பெண்கள் யாராவது தெருவில் வந்தால் கடைக்குள் நுழைந்துகொள்வேன். நான்காம் நாள் சென்னையிலிருந்து அந்தப் பெண் போன் செய்தாள். அந்தச் சத்தம் போடும் டிஸ்க் மூன்று நாள் ஓடியது, இடையிடையே படிக்க முடியாத இடங்களைத் தாண்டித் தாண்டிப் பெரும்பகுதியை நகல் எடுத்துவிட்டேன், இன்று காலை ஒரேயடியாக நின்றுவிட்டது, இனி சுற்றாது என்றாள். ஓட்டை விழுந்த இடங்களில் பழைய கோப்புகளை ஆடியில் நின்ற டிஸ்க்கை வைத்து நிரப்பிவிடலாம், அதற்குப் பிறகு வந்தவற்றை நிரப்ப வழியில்லை என்றும் சொன்னாள்.

எடுத்த எல்லாவற்றையும் புது டிஸ்க் ஒன்றில் போட்டு அனுப்பினாள். சாரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாகத் திறந்தோம். ஆடிக்கு முந்தியவை முழுதாக இருந்தன. பிந்தியவற்றைத் திறக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். சார்தான் பார்த்துச் சொல்வார். வந்திருக்கு. வந்திருக்கு. இது இல்ல. வந்திருக்கு.

அவள் காகிதம் பாதி வந்திருந்தது. மேல்பாதியில் பழுப்பேறிய தாள், நீல மை, கோணலான கையெழுத்து. நடுவுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கையொப்பமும் முத்திரையும் அந்தச் சாம்பலுக்குள் போய்விட்டன. ஆனால் பதிவு எண்ணும் வருடமும் மேலேயே இருந்தன. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சார் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். பழைய பதிவேட்டைத் தேட வைத்தார். மாசி விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு அந்தப் பக்கம் கிடைத்தது. மகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது.

ஏழு வீட்டுக் காகிதங்கள் வரவே இல்லை.

அதைச் சொல்ல நானே போகிறேன் என்றேன். குடியிருப்பு வாசல் வரை போய், உள்ளே நுழைய முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். ஏரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள் அவள், புடவை முழங்கால் வரை சேறு, கழுத்தில் இறால் கூடை. என்னைப் பார்த்து நின்றாள். எதற்கு வந்தேன் என்று சொன்னேன்.

"வா. எந்த வூடுன்னு நான் காட்றேன். ஆனா நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

ஏழு வீட்டிலும் சொன்னேன். ஒருத்தி அழுதாள். ஒரு வீட்டில் கதவை மூடிக்கொண்டார்கள். அந்த வீட்டுக்காரர் பிறகு ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. ஆறாவது வீட்டில் ஒரு பெரியவர், நான் சொன்னது முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப இன்னொரு காயிதத்துக்கு எங்க போயி எழுதிக் குடுக்கணும்?" என்று மட்டும் கேட்டார். அங்கேயே தரையில் உட்கார்ந்து மனு எழுதத் தொடங்கினேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, எழுத வசதியாக ஒரு பலகையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

ஏழில் நான்கு பேருக்குப் புதிய காகிதம் வந்துவிட்டது. மற்ற மூவருக்காக இப்போதும் பொன்னேரி தாலுகா ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன்.