மூன்றாம் தொட்டியின் புளிப்பு

ஹெட்விகாவின் வேலை நாள் ஒரு கால் கோப்பை பீரில் தொடங்கும். காலை பத்தரை மணி. 'இரண்டு வாத்து' உணவகத்தின் கதவு இன்னும் திறந்திருக்காது. நாற்காலிகள் மேசை மேல் கவிழ்ந்திருக்கும். குழாயைத் திறந்து முதலில் வருவதைக் கீழே விட்டுவிடுவாள். பிறகு கோப்பையைக் குளிர்ந்த நீரில் அலசி, மூன்று விரல் நுரையோடு கொஞ்சம் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். மோந்து பார்ப்பாள். ஒரு வாய் குடிப்பாள். சரி என்றால் கதவைத் திறப்பாள். சரியில்லை என்றால் அந்தக் குழாய் அன்றைக்குத் திறக்காது. யார் வந்து நின்றாலும் திறக்காது.

மேயர் பெண்ணின் கல்யாண விருந்தன்று அப்படித்தான் செய்தாள். பீரில் ஈரத்துணி வாடை அடிக்கிறது என்று சொல்லிக் குழாயை மூடிவிட்டாள். எண்பது விருந்தாளிகளும் வேறு வழியில்லாமல் பிளம் சாராயத்தில் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் சதுக்கத்து நீரூற்றில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அழுதான். மேயர் ஒரு வருடம் அவளோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது, பீர் குடிக்க வராமல் இருந்தாரா என்ன?

முப்பத்தோரு வருடமாக இந்தக் குழாய்களுக்குப் பின்னால் நிற்கிறாள். அதற்கு முன்னால் கூட்டுப்பண்ணையின் பால் கொட்டகையில் இருந்தாள். அது மூடப்பட்டபோது அவளுக்கு வயது இருபத்தேழு. பாலில் பழகிய மூக்கு பீருக்கும் உதவியது. கட்டிய கணவன் ஓல்டா ராஸ்பெர்ரி சோடாவைத் தவிர எதையும் தொடமாட்டான். பீர் ஊற்றுகிறவளின் புருஷன் சோடா குடிக்கிறான் என்பதைவிடப் பெரிய கேலி எங்கள் ஊரில் இன்றுவரை கிடைக்கவில்லை. ஓல்டாவே அதைச் சொல்லிச் சிரிப்பான்.

பழைய முதலாளி பத்து வருடத்துக்கு முன் கொல்லைப்புறத்தில் செப்புக் கொப்பரைகளும் நான்கு தொட்டிகளும் வாங்கிப் போட்டு, சொந்தமாகவே பீர் காய்ச்ச ஆரம்பித்தார். காய்ச்சுகிறவர் ஒதகார். அதிகம் பேசாத மனிதர், ஆனால் கைச்சுத்தம். முதலாளி கண்ணை மூடியதும் கடை அவருடைய அண்ணன் மகன் கமிலுக்குப் போனது. கமில் பிர்னோ நகரத்தில் விளம்பர வேலை பார்த்தவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் வந்த முதல் மாதமே கூலாஷ் இறைச்சிக் குழம்பைப் பலகையில் வைத்துக் கொடுக்கச் சொன்னான். பலகையில்! குழம்பு நாலு பக்கமும் ஓடி மேசைத்துணியில் இறங்கியது. வறுத்த உருளைக்கிழங்கு பொம்மை வாளியில் வந்தது. தட்டு என்று ஒன்றை மனிதன் எதற்குக் கண்டுபிடித்தான் என்று ஹெட்விகா சமையலறை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். சாப்பாடு அவள் பொறுப்பில்லை. பீர் அவள் பொறுப்பு.

இந்த வசந்தத்தில் ஒதகார் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் போய் நாலு வாரம் படுத்துவிட்டார். தொட்டி காலியானதும் உடனே கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கமில் மூன்றாம் தொட்டியை மேலாகத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு, மற்றொரு தொட்டியில் இருந்த இளம் பீரை அதில் மாற்றினான். பீர் முதிர்ந்து குழாய்க்கு வந்த வியாழக்கிழமை காலை ஹெட்விகா வழக்கம்போல ஒரு வாய் குடித்தாள். குடித்ததைக் குழாயடியில் துப்பினாள்.

"தம்பி, மூணாம் தொட்டி போச்சு. புளிச்சுப் போச்சு. சாக்கடைல விட்டுடலாம்," என்றாள்.

கமில் வந்து குடித்துப் பார்த்தான். அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு மெல்ல மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததுமே அவள் குழாயை இறுக மூடினாள்.

"அக்கா, இது புளிப்பு பீர் அக்கா! பிராக்ல இதுக்கு வரிசையில நிக்கிறாங்க."

"அது வேணும்னு புளிக்க வைக்கிறது. இது கழுவாம புளிச்சது. தயிரும் திரிஞ்ச பாலும் ஒண்ணா?"

"குடிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல?"

"நீங்க குடிக்கப் போறதில்லையே. ஊத்தத்தானே போறீங்க?"

ஒதகாருக்குத் தொலைபேசி போட்டாள். யாரும் சாகமாட்டார்கள், வயிற்றுக்கும் ஒன்றும் ஆகாது, ஆனால் அது தன் பீர் இல்லை என்றார் அவர். அதற்குள் கமில் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் எழுதி முடித்திருந்தான்: 'காட்டுப் புளிப்பு. இயற்கையின் கையெழுத்து.' கழுவாத தொட்டிக்கு இயற்கை கையெழுத்துப் போட்டதாம்!

ஹெட்விகா கத்தினாள். முடியாது என்றாள். உங்களுக்கு முடியாவிட்டால் பிர்னோவிலிருந்து ஆள் வரும் என்றான் கமில், குரலை உயர்த்தாமல். அதுதான் அவளைத் தளர்த்தியது. யாரோ ஒருவன் வந்து தன் குழாயில் கை வைப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சரி, ஊற்றுகிறேன், ஆனால் வாயை மூடிக்கொண்டு ஊற்றமாட்டேன் என்றாள். எப்படியோ செய்யுங்கள் என்று அவன் போய்விட்டான். உண்மையைச் சொல்லிவிட்டு ஊற்றினால் பாவம் தன்னைச் சேராது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று மாலை ஜன்னலோர மேசைக்கு வாடிக்கைக்காரர்கள் ஆறு பேரும் வந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் அலோய்ஸ்தான் அவர்களில் மூத்தவர். பீரைப் பற்றி வாய் கிழியப் பேசுகிற கூட்டம் அது. நுரை அரை விரல் குறைந்தால் முகம் சுளிப்பார்கள். பக்கத்து ஊர்ப் பீரை 'குளித்த தண்ணீர்' என்பார்கள். ஹெட்விகா ஆறு கோப்பைகளை வைத்தாள்.

"சொல்லிட்டேன் அலோய்ஸண்ணே, இது கெட்டுப்போன பீர். முதலாளி உத்தரவு. வேணாம்னா நாலாம் தொட்டில நல்லது இருக்கு."

அலோய்ஸ் குடித்தார். மீசை நுரையைத் துடைத்தார். சீட்டைக் கலைத்துப் போட்டார். மற்றவர்களும் குடித்தார்கள். ஆளுக்கு மூன்று குடித்தார்கள்! ஹெட்விகா குழாய்க்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருடம் இவர்களுக்காகவா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம் என்று தோன்றியது. எருமைகள் என்று ஓல்டாவிடம் போய்ச் சொன்னாள். எருமைகூட மோந்து பார்த்துத்தான் குடிக்கும் என்றான் ஓல்டா. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

சனிக்கிழமை பிர்னோவிலிருந்து ஒரு பீர் சங்கம் பஸ்ஸில் வந்து இறங்கியது. சனிக்கிழமைதோறும் ஓர் ஊர், ஒரு சிறு பீர்க் கடை, மதியச் சாப்பாடு, பிறகு பஸ்ஸில் தூக்கம். அதுதான் அவர்கள் பொழுதுபோக்கு. தலைவன் இடுப்புவரை தாடி வைத்திருந்தான். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"பச்சை ஆப்பிள். மழையில நனைஞ்ச வைக்கோல். கடைசியில லேசா... குதிரைச் சேணம்."

"குதிரையும் இல்ல கழுதையும் இல்ல," என்றாள் ஹெட்விகா. "அது கழுவாத தொட்டி, தம்பி. கெட்டுப்போச்சு. கீழ ஊத்த வேண்டியதை உனக்கு ஊத்தியிருக்கேன்."

மொத்தக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒரு பெண் கைப்பேசியை நீட்டினாள்.

"அக்கா, அதை இன்னொரு தடவை சொல்லுங்களேன். படம் பிடிக்கல."

"எதை?"

"கெட்டுப்போச்சுன்னு."

"கெட்டுத்தான் போச்சு! ஒரு தடவை சொன்னாலும் நூறு தடவை சொன்னாலும் கெட்டதுதான்!"

அதைப் படம் பிடித்துவிட்டார்கள். புதன்கிழமைக்குள் பாதி நாடு அதைப் பார்த்துவிட்டது. தன் பீரையே திட்டுகிற பெண்மணி என்று பேர் வந்தது. அடுத்த சனிக்கிழமை இரண்டு பஸ் வந்தது. வந்தவர்கள் கரும்பலகையைப் பார்க்கவில்லை, அவள் வாயைத்தான் பார்த்தார்கள். "எங்களையும் திட்டுங்கக்கா!" என்று வரிசையில் நின்று கேட்டார்கள். அவள் உண்மையைச் சொன்னால் சிரித்தார்கள். கோபப்பட்டால் கை தட்டினார்கள். ஒன்றும் பேசாமல் ஊற்றினால், இன்றைக்கு என்ன அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கமிலிடம் விசாரித்தார்கள். பொய் சொல்லி விற்கிறவனை ஹெட்விகா பார்த்திருக்கிறாள். ஆனால் அவளுடைய உண்மையை எடுத்து வைத்துக்கொண்டு கெட்ட பீரை விற்கிறார்களே, இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஒரு நாள் இரவு படுக்கையில் ஓல்டா கேட்டான், "பேசாம நிறுத்திடேன்?"

"நான் நின்னுட்டா கமில் வேற ஆளை வச்சு ஊத்துவான். அந்த ஆள் கெட்டதுன்னுகூடச் சொல்லமாட்டான்."

"ஓ," என்றான் ஓல்டா. திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மூன்றாவது சனிக்கிழமைக்குள் தொட்டியில் அடிமட்டத்தில்தான் பீர் இருந்தது. அன்று காலை ஒதகார் ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பினார். ஹெட்விகாவுக்கு மூச்சு வந்தது. தீர்ந்தது சனியன், இனி கழுவிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். ஒதகார் தொட்டிக்கு முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"கழுவக் கூடாதாம்," என்றார்.

"என்னது?"

"புது பீரை இதுலயே மாத்தணுமாம். அப்பத்தான் அதே புளிப்பு வருமாம். போட்டிக்கு வேற அனுப்பப் போறாராம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

ஒதகார் தன் முழங்காலைப் பார்த்தார். "முதலாளி அவர். நான் என்னத்தைச் சொல்றது?"

ஹெட்விகா அவரிடம் பேசி நேரத்தை வீணாக்கவில்லை. ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டாள். தொட்டியின் அடித் திருகை இரண்டு கையாலும் திறந்தாள். மிச்சப் பீர் சிமெண்டுத் தரையில் ஓடிச் சாக்கடையில் விழுந்தது. கொதிநீர்க் குழாயை இழுத்து வந்து, கழுவும் காரப்பொடியைக் கரைத்து, பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். பால் கொட்டகையில் கற்றுக்கொண்ட கை அது. மூலை முடுக்கு விடாமல் தேய்த்தாள். ஒதகார் வாளியை அவள் பக்கம் நகர்த்திக் கொடுத்தார். அந்த அளவுக்காவது அவருக்கு மனசு வந்தது.

சத்தம் கேட்டுக் கமில் ஓடி வந்தான்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"கண்ணு தெரியலையா முதலாளி? கழுவறேன்."

அவள் அவனை முதலாளி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் தரையில் ஓடுகிற நுரையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மூணு பஸ் வந்துட்டிருக்கு! அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

"கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க."

"வெளிய போங்க," என்றான் கமில். "இப்பவே போங்க. நாளைக்கு வராதீங்க."

ஹெட்விகா தொட்டியை நல்ல தண்ணீர் விட்டு மூன்று முறை அலசி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, ரப்பர் காலணியைக் கழற்றிவிட்டு, கோட்டு எடுக்க முன்பக்கம் வந்தாள்.

ஜன்னலோர மேசையில் ஆறு பேரும் வாத்து வறுவலை முடித்துவிட்டு, கொல்லையில் நடந்த சத்தத்தையெல்லாம் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். அவள் காலையில் ஊற்றிக் கொடுத்த நாலாம் தொட்டிக் கோப்பைகள் காலியாக இருந்தன. எங்கள் ஊரில் இன்னொன்று வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கோப்பை காலியானால் அடுத்தது தானாக வரும். போதும் என்றால் கோப்பைக்கு அடியில் இருக்கும் வட்ட அட்டையை எடுத்து அதன் மேல் மூடி வைக்க வேண்டும். கமில் தானே குழாயடியில் நின்று ஆறு கோப்பை பிடித்துக் கொண்டுவந்தான். நல்ல பீர்தான். ஆனால் நுரை துணி துவைத்த சோப்பு மாதிரி பொங்கி அவன் கைமேல் வழிந்தது.

அலோய்ஸ் தன் அட்டையை எடுத்துக் காலிக் கோப்பையின் மேல் வைத்தார். பக்கத்திலிருந்தவர் வைத்தார். ஒருவர் பின் ஒருவராக ஆறு பேரும் வைத்தார்கள். கமில் ஆறு கோப்பைகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். வெளியே முதல் பஸ் வந்து நின்று கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

ஹெட்விகா கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டியிருந்தாள். பார்த்ததும் நெஞ்சு நெகிழ்ந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது ஆத்திரம்தான். மேசைக்கு நேராக நடந்தாள்.

"இன்னைக்குத்தான் கை வந்துச்சா உங்களுக்கு? மூணு வாரம்! மூணு வாரமா அந்தச் சாக்கடையை மடக்கு மடக்குனு குடிச்சீங்களே, அன்னைக்கு எங்க போச்சு இந்த அட்டை? தபால் போட்ட காலத்துலயும் இப்படித்தானா அலோய்ஸண்ணே, எல்லாம் முடிஞ்ச பிறகு கொண்டுவந்து குடுப்பீங்களா? நாக்குனு ஒண்ணு இருக்கா இல்லையா உங்களுக்கு?"

அலோய்ஸ் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல் வாய்லயே தெரிஞ்சுது, ஹெட்விகா. புளிச்சுது. ஆனா நீதான் கொண்டுவந்து வச்சே. நம்ம நாக்குக்குத்தான் வயசாகிப் போச்சு போலன்னு நினைச்சோம். வீட்டுக்குப் போற வழியெல்லாம் அதையேதான் பேசிட்டுப் போனோம்."

"நான்தான் கெட்டுப்போச்சுன்னு வாய் ஓயாமச் சொன்னேனே!"

"சொன்னே," என்றார் அலோய்ஸ். "சொல்லிக்கிட்டே ஊத்தினே."

ஹெட்விகா கோட்டின் இன்னொரு கையையும் மாட்டிக்கொண்டாள்.